ஓடும் பஸ்ஸுக்கு மின்சாரம்

காலை ஒன்பது மணிக்குக் குர்லா ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தில் 310-ம் எண் பஸ்ஸுக்காக நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு மும்பையின் பஸ் பஞ்சத்தைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை. பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளில் கணக்கு எழுதுகிறவர்களும், வாசலில் காவல் நிற்கிறவர்களும், தரையைத் துடைக்கிறவர்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழர்களும் அதில் உண்டு. பத்து நிமிஷம் தாமதமானால் சிலருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும்.

இந்த ஊரில் மின்சாரப் பஸ்கள் பெருகி வருவது நல்ல செய்தியே. புகை இல்லை, இரைச்சலும் குறைவு. ஆனால் டீசல் பஸ்ஸுக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. டீசல் பஸ் சில நிமிஷங்களில் டாங்கியை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். மின்சாரப் பஸ்ஸோ, பாட்டரி இறங்கிவிட்டால் டிப்போவுக்குத் திரும்பி, மணிக்கணக்கில் சார்ஜ் ஏற நிற்க வேண்டும். நிற்கிற பஸ் யாரையும் ஏற்றிச் செல்வதில்லை. நிற்காமல் ஓட வேண்டுமானால் பாட்டரியைப் பெரிதாக்க வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள பஸ் ஒன்று, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை யூனிட் மின்சாரம் தின்கிறது. நாள் முழுதும் ஓடுவதற்கான பாட்டரியின் எடை ஒரு டன்னுக்கு மேல் போகிறது. இருபது பிரயாணிகளின் எடையைப் பெட்டியாகச் சுமந்துகொண்டு அந்தப் பஸ் தினமும் ஊர் சுற்றுகிறது என்று அர்த்தம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு மின்சாரம் ஊட்டினால் இந்தத் தொல்லை தீராதா? இந்தக் கேள்வி புதியதல்ல. மும்பைவாசிக்கு இதன் விடை தினமும் தலைக்குமேல் தொங்குகிறது. 1925 பிப்ரவரி 3-ம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து இதே குர்லாவுக்குத்தான் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. அது பாட்டரியைச் சுமக்கவில்லை. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டே போயிற்று. இன்றும் அப்படியே போகிறது. 1907 முதல் 1964 வரை மின்சார டிராமும் கம்பியை நம்பித்தான் ஓடியது. 1962-ல் கோவாலியா டாங்கிலிருந்து மஜகானுக்கு டிராலி பஸ் வந்தது. பன்னிரண்டே வண்டிகள். ரப்பர் சக்கரத்தில் ஓடுவதால் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் திரும்ப வழியில்லை. ஆகவே அதற்கு ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பி. வண்டியின் தரம் சரியில்லை என்று 1971-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாளைய டிராலி பஸ் கம்பியை விட்டு விலகினால் நடுத்தெருவில் நின்றுவிடும். இன்று நிலைமை வேறு. கம்பியும் உண்டு, சிறிய பாட்டரியும் உண்டு. கம்பியின் கீழே ஓடுகிறபோது பஸ் அந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டு, மிச்சத்தைப் பாட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. கம்பி முடிந்த இடத்தில் கொம்பை மடக்கிக்கொண்டு பாட்டரியில் போகிறது. கணக்கு எளிது. ஓட்டத்துக்குப் போக 100 கிலோவாட் வீதம் பாட்டரிக்குக் கிடைத்தால், கால் மணி நேரத்தில் 25 யூனிட் ஏறிவிடும். கம்பி இல்லாத சாலையில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட அது போதும். ஆகவே வழி நெடுகக் கம்பி கட்ட வேண்டியதில்லை. 1972-ல் டிராலி பஸ்ஸை மூட்டை கட்டி அனுப்பிய பிராக் நகரம், 2017-ல் இந்தப் புது வகையைக் கொண்டுவந்து, 2024 முதல் விமான நிலையத்துக்கே 24 மீட்டர் நீளப் பஸ்களை இப்படி ஓட்டுகிறது. அங்கும் வழியின் ஒரு பகுதியில்தான் கம்பி.

கம்பி இல்லாமல், சாலைக்கு அடியில் சுருள்களைப் புதைத்துக் காந்த சக்தியால் மின்சாரம் ஊட்டும் முறையும் உண்டு. தென்கொரியாவின் குமி நகரில் 2013-ல் இரண்டு பஸ்களை இப்படி ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இன்று காங்கிரீட் போட்ட சாலையை நாளை தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டுவதும், ஜூலை மாதத்தில் அதே சாலை முழங்கால் தண்ணீரில் கிடப்பதும் வழக்கமாகிவிட்ட ஊரில், சுருளைப் புதைத்துவிட்டு நிம்மதியாக யார் தூங்குவது? கம்பியாவது கண்ணுக்குத் தெரியும். அறுந்தால் ஏணி வைத்துக் கட்டலாம்.

டில்லியில் இருப்பவர்களின் கண்ணோ நெடுஞ்சாலையில் இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, டில்லிக்கும் மும்பைக்கும் இடையே கம்பியின் கீழ் லாரிகள் ஓடும் மின்சார நெடுஞ்சாலை அமைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். எண்ணம் பெரிது. ஆனால் முன்னே போனவர்கள் பட்டதையும் பார்க்க வேண்டும். ஸ்வீடன் 2016-லேயே பொதுச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் கம்பி கட்டி லாரியை ஓட்டியது. அதே நாடு இ-20 சாலையில் நிரந்தர மின்சாரப் பாதை போட டெண்டர் விட்டு, கேட்ட தொகை கைக்கு மீறியதால் 2023-ல் கைவிட்டது. ஜெர்மனி பிராங்க்பர்ட் அருகே 2019-ல் தொடங்கிய சோதனை 2024 இறுதியில் முடிந்தது. கம்பி இருந்தது, கம்பம் இருந்தது. அவற்றின் கீழே ஓடப் போதிய லாரிகள்தான் இல்லை.

காரணம் லேசில் விளங்கக்கூடியது. ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு ஆகும் செலவு, கீழே ஒரு வண்டி போனாலும் நூறு வண்டி போனாலும் ஒன்றுதான். எங்கோ கிளம்பி எங்கோ போகும் தனியார் லாரிக்காரர், கம்பி வரட்டும் என்று காத்திருப்பார்; கம்பி போடுகிறவர், லாரி வரட்டும் என்று காத்திருப்பார். நகரப் பஸ்ஸுக்கு இந்த வம்பு இல்லை. அதே பஸ், அதே சாலை, காலை முதல் இரவு வரை. குர்லாவுக்கும் பாந்திராவுக்கும் இடையிலான வழி அதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது.

கம்பி கட்டினால் கணபதி ஊர்வலத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு கூக்குரல் எழும். நியாயமான கவலைதான். பிள்ளையார் போகிற தெருவில் கம்பியே வேண்டாம். அந்த இடத்தைப் பஸ் பாட்டரியில் கடந்துவிடும். இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 9-ம் தேதி குர்லாவில் மின்சாரப் பஸ் ஒன்று தறிகெட்டு ஓடிப் பல உயிர்களைக் குடித்தது. ஓட்டியவருக்குப் போதிய பயிற்சி கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. புது வண்டி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், ஓட்டுகிறவருக்குச் சில வாரப் பயிற்சி தருவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. சொந்தப் பஸ் குறைந்து ஒப்பந்தப் பஸ் மலிந்துவிட்ட நிலையில், அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இனி செலவு. 2025 மே மாதம் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 10 ரூபாய் ஆயிற்று. அதற்குமேல் கம்பிச் செலவையும் வரிசையில் நிற்பவர் தலையில் கட்டினால் தாங்காது. பாந்திரா-குர்லா வளாகத்தின் மனைகளைக் குத்தகைக்கு விட்டுப் பெரும் வருவாய் கண்ட மும்பை பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம், இதே இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஆறு பேர் அமரும் பாட் டாக்ஸி விட 2024-ல் ஒப்புதல் அளித்தது. ஆறு பேருக்குப் பாதை போட முடிகிற ஆணையத்துக்கு, அறுபது பேர் ஏறும் பஸ்ஸுக்கு இரண்டு கம்பி கட்ட முடியாதா? வளாகத்துக்குள் வரும் சாலையில் மட்டும் கம்பி இழுத்து, 310-ம் எண் வழியில் சில பஸ்களை ஓராண்டு ஓட்டிப் பார்க்கும் செலவை ஆணையமே ஏற்கட்டும். பெஸ்ட் நிர்வாகமும் மாநகராட்சியும் அதற்கான கடிதத்தை அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே எழுத வேண்டும்.