சந்தில் பிறந்த சொல் மேடையேறும்போது



ராப் என்னும் வேகப்பாட்டு இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் இடைவிடாது ஒலிக்கிறது. பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். பிள்ளைகளோ அப்பாடகர்களையே வெற்றியின் அடையாளமாகக் கொள்கின்றனர். சுளிப்பதற்கும் வியப்பதற்கும் முன்பாக, அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நலம் பயக்கும்.

மும்பையின் மேற்குக் குர்லா நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த பகுதி; முஸ்லிம்கள் பெருமளவில் வாழுமிடம். அங்கு வளர்ந்த நவேத் ஷேக் என்னும் இளைஞர் ‘நேஸி’ என்ற பெயரில் 2014இல் ‘ஆஃபத்’ என்ற பாடலை வெளியிட்டார். ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. படப்பிடிப்புக் குழு இல்லை. கையில் இருந்த ஒரே ஒரு ஐபேடைக் கொண்டே அனைத்தையும் செய்து முடித்தார். கிழக்கு அந்தேரியைச் சேர்ந்த விவியன் ஃபெர்னாண்டஸ் என்னும் ‘டிவைன்’ கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இவ்விருவரும் 2015இல் சேர்ந்து பாடிய ‘மேரே கல்லி மே’ நாடெங்கும் பரவியது. தம் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண்ணையே இவர்கள் பெருமைச் சின்னமாக அணிந்துகொண்டனர்: ஒருவருக்கு 70, மற்றவருக்கு 59. பிறர் இழிவாகக் கருதிய முகவரியைத் தலைநிமிர்ந்து உரைத்ததே அப்பாடல்களின் வலிமை.

பின்னர் திரையுலகம் வந்தது. இவர்களின் வாழ்க்கையால் உந்தப்பட்டு ஸோயா அக்தர் இயக்கிய ‘கல்லி பாய்’ திரைப்படம் 2019 பிப்ரவரியில் வெளியாயிற்று. தாராவியில் வாழும் முராத் என்னும் முஸ்லிம் இளைஞனே அதன் நாயகன். அப்படம் 13 ஃபிலிம்ஃபேர் விருதுகளைப் பெற்றது. அதே ஆண்டில் டிவைன் தமக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மறுபுறம், புனே நகரின் குடிசைப் பகுதியிலிருந்து எழுந்த ‘எம்.சி. ஸ்டான்’ 2023இல் ‘பிக் பாஸ்’ பதினாறாம் பருவத்தில் வெற்றி வாகை சூடினார். 2024இல் அந்நிகழ்ச்சியின் இணையப் பதிப்பில் நேஸி இரண்டாம் இடம் பெற்றார். பத்தே ஆண்டுகளில், சந்தின் குரல் வரவேற்பறையின் பொழுதுபோக்காகிவிட்டது.

இம்மாற்றத்தைக் கண்டு, ‘தெருவை மறந்தார், காசுக்கு விலைபோனார்’ என்று சிலர் ஏசுகின்றனர். இக்குற்றச்சாட்டை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வறுமை ஒரு புண்ணியமன்று. வறுமையை விட்டுப் பாதுகாக்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒழுகும் கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளை தன் தாய்க்கு நல்ல வீடொன்று கட்டித் தர நினைப்பதில் என்ன தவறு? ஏழை என்றென்றும் ஏழையாகவே இருந்து நமக்குச் சுவையான பாடல்களைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பசியை வேடிக்கை பார்ப்பவர்களின் மனப்பான்மையாகும்.

ஆயின் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தின் இறுதியில் திருக்குர்ஆன் கவிஞர்களைப் பற்றிப் பேசுகிறது. தாம் செய்யாததைச் சொல்லித் திரிவதை அவர்களின் குறையாகச் சுட்டுகிறது. உடனேயே ஒரு விலக்கையும் அளிக்கிறது: இறைநம்பிக்கையும் நற்செயலும் உடையோர், அல்லாஹ்வை மிகுதியாக நினைவுகூர்வோர், அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொள்வோர் ஆகியோர் அக்குறைக்குள் அடங்கார். இறைமறை சொல்லையே வெறுக்கவில்லை. சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே விழும் இடைவெளியையே கண்டிக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் காட்சி தெளிவாகிறது. குர்லாவின் சந்தில் நின்று தன் தெருவின் துயரைச் சொன்னபோது நேஸி கண்டதைச் சொன்னார். அது ஒரு சாட்சியம். செல்வம் வந்த பின்னும் அதே துயரை விற்பனைப் பொருளாக்கி, பசியை நடித்துக் காட்டுவோர் ராப் உலகெங்கும் உள்ளனர். அங்கேதான் செய்யாததைச் சொல்லும் நிலை தொடங்குகிறது. எம்.சி. ஸ்டானின் எண்பதாயிரம் ரூபாய்க் காலணிகள் தொலைக்காட்சியில் பெரும்பேச்சாயின. அக்காலணியை அணிந்தது பாவமென்று நாம் கூறவில்லை. ஆனால் அவரைப் பார்க்கும் சிறுவனின் நெஞ்சில் தங்குவது எது? அவர் கடந்து வந்த குடிசையா, காலணியின் விலையா?

நேஸியின் வாழ்வில் நம் கவனத்திற்குரிய மற்றொரு பகுதியும் உண்டு. புகழ் பெருகி வந்த வேளையில் அவர் சில காலம் பாட்டிலிருந்து ஒதுங்கியிருந்தார். மீண்டு வந்து 2020இல் அவர் வெளியிட்ட பாடல் தொகுப்பின் பெயர் ‘மக்ரிப்’. கதிரவன் மறையும் வேளையைக் குறிக்கும் அச்சொல்லை ஓர் இளைஞர் தம் தொகுப்புக்குச் சூட்டுகிறார் என்றால், மேடை விளக்குகளுக்கு நடுவிலும் தொழுகை அழைப்பின் நினைவு அவரை விட்டு முற்றிலும் அகலவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அவருடைய தடுமாற்றத்தை ஏளனம் செய்யாமல் அவருக்காக துஆச் செய்வதே நமக்கு அழகு.

இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்டுள்ள தடையை நாம் அறிவோம். நம் மத்ரஸாவிலும் அதையே கற்பிக்கிறோம். இப்பாடல்களில் மலிந்துள்ள வசைச் சொற்களுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். இன்றைய நம் பள்ளிவாசல்களிலோ இளைஞனுக்குப் பேச எங்கே இடம்? அவன் கேட்பவனாக மட்டுமே அமர வேண்டியுள்ளது. வேலையின்மை, அவமதிப்பு, தன் பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டை மறுக்கும் உலகம் என அவன் நெஞ்சில் குமுறுபவை யாவும் வெளியேற ஒரு வழியைத் தேடுகின்றன. நாம் மிம்பரின் ஒரு படியையேனும் தராதபோது, தொலைக்காட்சி நிறுவனம் முழு மேடையையும் தந்துவிடுகிறது. அதற்கான விலையையும் அதுவே நிர்ணயிக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் மகன் பாட்டெழுதிய குறிப்பேடு கையில் கிடைத்தால், கிழிப்பதற்கு முன் ஒருமுறை படியுங்கள். வீட்டில் உங்களிடம் சொல்லத் தயங்கிய செய்தி அதில் இருக்கலாம். எழுதியது உண்மைதானா என்று கேளுங்கள். இதை உன் தாயின் முன் வாசிப்பாயா என்றும் கேளுங்கள். இவ்விரு கேள்விகளுக்கும் அவன் தயங்காது பதில் சொல்வானாயின், அவன் நாவு பாதி காக்கப்பட்டுவிட்டது. பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் மாதம் ஒரு மாலையேனும் இளைஞர்கள் தம் சொந்தச் சொற்களைக் கருவியின்றி வாசிக்க இடமளிக்கலாம். செலவு ஒரு தேநீர்தான்.

ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். நாவு அவன் தந்த அமானத். சந்திலிருந்து மேடைக்குச் செல்வோர் செல்லட்டும். கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மையை வழியில் தொலைத்துவிடாதவாறு நம் பிள்ளைகளை வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.