இடைச்சொல்லுக்கு ஒரு விழா

எங்கள் பல்கலைக்கழகத் திரைப்பட வட்டம் வரும் பருவத்தில் ஹாரி டீன் ஸ்டான்டனுக்கு ஒரு மீள்பார்வைத் திரையிடல் நடத்த முடிவு செய்திருக்கிறது. நாயகர்களுக்கும் இயக்குநர்களுக்குமே இத்தகைய மரியாதை வாய்க்கும் சூழலில், ஒரு குணச்சித்திர நடிகரை நினைத்துக்கொண்டதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்கள் வகுத்துள்ள திட்டத்தின்மீது எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. கூட்டத்தில் என் அரைகுறை இந்தியில் சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை. எனவே இங்கே தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

திட்டம் இதுதான். அவருடைய சிறு வேடங்களையெல்லாம் கத்தரித்து ஒட்டி ஒன்றரை மணி நேரத் தொகுப்பாக முதல் நாள் காட்டுவது. அடுத்த இரு நாள்களில் அவர் நாயகனாக நடித்த ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ (1984), ‘லக்கி’ (2017) ஆகிய இரண்டையும் முழுமையாகத் திரையிடுவது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இரண்டு நிமிடம் வருபவருக்காக இரண்டு மணி நேரம் யார் உட்கார்ந்திருப்பார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அக்கேள்வியையும் நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை.

ஆயினும் சிறு வேடம் என்பது எப்படி இயங்குகிறது என்பதை இத்திட்டம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், தனித்து இயங்கும் இயல்பு அதற்கில்லை என்பது தொல்காப்பியர் கருத்து. ‘அவன் வந்தான்’ என்பதும் ‘அவனும் வந்தான்’ என்பதும் ‘அவனே வந்தான்’ என்பதும் மூன்று வேறு செய்திகள். மாற்றத்தைச் செய்தது ஓரசை. அந்த ‘உம்’மை மட்டும் வெட்டியெடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. ஸ்டான்டனின் சிறு வேடங்களைத் தொகுத்துக் காட்டுவது இதற்கு ஒப்பானது.

‘ஏலியன்’ (1979) படத்தில் அவர் பிரெட் என்னும் பொறிப்பணியாளர். யாஃபெட் கோட்டோ ஏற்ற பார்க்கர் எதைச் சொன்னாலும் ‘ரைட்’ என்று ஆமோதிப்பதே அவர் வேலை. தமிழில் இதற்கு ‘உம் கொட்டுதல்’ என்று அழகான பெயர் உண்டு. உரையாடலாய்வில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதும் பொருள் இது. அவன் எதைச் சொன்னாலும் நீ இதையேதான் சொல்கிறாய் என்று ரிப்ளி சுட்டிக்காட்டும்போது, அதற்கும் அதே ‘ரைட்’தான் பதில். அரங்கு சிரிக்கும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால்தான் அக்கப்பலில் யார் யாருக்குத் துணை, யார் மேல்தட்டு, யார் கீழ்த்தட்டு என்பதெல்லாம் நமக்கு விளங்குகிறது. பின்னர் பூனையைத் தேடிச் செல்பவர், மேலிருந்து சொட்டும் நீரில் முகம் நனைய ஒரு கணம் நிற்கிறார். களைத்த தொழிலாளி ஒருவனின் அந்த இளைப்பாறலை முன்பே நின்று பார்த்துவிட்டதால்தான் அடுத்து வரும் கோரம் நம்மை அவ்வளவு உலுக்குகிறது. தொகுப்பில் இது வெறும் ‘சாவுக் காட்சி’யாகிவிடும்.

இன்னும் தெளிவான சான்று டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’ (1999). பக்கவாதத்தில் விழுந்த அண்ணனைப் பார்க்க, அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குப் புல்வெட்டும் வண்டியிலேயே புறப்படுகிறார் முதியவர் ஆல்வின். சகோதரர்கள் பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன. படம் முழுக்க அந்த வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணன் லைலாக ஸ்டான்டன் வருவது கடைசிக் காட்சியில் மட்டும். இதில் வந்தா இவ்வளவு தூரம் என்னும் பொருள்பட ஒரு கேள்வி கேட்கிறார். வண்டியைப் பார்க்கிறார், தம்பியைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது. அவ்வளவுதான். முந்தைய நூறு நிமிடங்களின் மெதுவை நாமும் அனுபவித்திராவிட்டால் அந்த முகத்தில் படிக்க எதுவுமில்லை. அவர் திரையில் இல்லாத நேரமும் அவர் வேடத்தின் பகுதிதான்.

திட்டத்தில் ஒளிந்திருக்கும் கதையமைப்பும் எனக்கு உவப்பில்லை: நெடுங்காலம் ஓரத்தில் நின்றவர் 58 வயதை நெருங்குகையில் ஒருவழியாக நாயகனானார் என்பது. சிறு வேடங்களெல்லாம் அப்போது வெறும் காத்திருப்பாகிவிடுகின்றன. ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ படத்தையே கவனியுங்கள். முதற்பகுதியில் நெடுநேரம் டிராவிஸ் வாய் திறப்பதில்லை. இறுதியில் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து, மனைவிக்கு முதுகு காட்டி, தொலைபேசியில் தங்கள் கதையைச் சொல்கிறார். ‘நான்’, ‘நீ’ இல்லை. அவன், அவள் என்று படர்க்கையிலேயே கதை நகர்கிறது. கேட்பவள் மெல்ல மெல்ல அடையாளம் காண்கிறாள். முழு நாயக வேடம் கிடைத்தபோதும் தன்னைத் தன்மையில் வைத்துப் பேச மறுக்கும் ஒருவனையே அவர் நடித்தார். பிறர் பேச்சுக்கு இடம்விட்டுப் பழகிய நடிகர் ஒருவருக்கே இது கைகூடும் என்பது என் துணிபு.

ஸ்டான்டனோ எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் வரும் எந்தப் படமும் முற்றிலும் மோசமாக இருக்க முடியாதென்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே வகுத்தார். விதிவிலக்குகள் உண்டென்று பிறகு அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். விழா நடத்துவோர் இவ்விதியைச் சுவரொட்டியில் போட ஆசைப்படுகிறார்கள். போடட்டும். ஆனால் அதில் ‘துணை வேடம்’ என்ற சொல் இருப்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

‘லக்கி’யை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ஓகினாவா போரின்போது கடற்படைக் கப்பலில் சமையற்காரராக இருந்த ஸ்டான்டன், அதில் ‘ஏலியன்’ சகநடிகர் டாம் ஸ்கெரிட்டுடன் உணவகத்தில் அமர்ந்து போரைப் பற்றிப் பேசும் காட்சி ஒன்றுண்டு. நீண்ட பேச்சு ஸ்கெரிட்டுக்கு. 90 வயதில், தன்னை மையமாகக் கொண்ட படத்தில், ஸ்டான்டன் கேட்டுக்கொண்டிருக்கிறார். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அப்படம் வந்தபோது அவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

என் மாற்றுப் பட்டியலில் நான்கு படங்கள், நான்கும் முழுமையாக. முதல் நாள் ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’. நடுவில் ‘ஏலியன்’, ‘பாரிஸ், டெக்ஸாஸ்’. கடைசியில் ‘லக்கி’. முதல் நாளன்று அவர் வரும்வரை எவரும் எழுந்து போக வேண்டாமென்று அறிவிப்புப் பலகையில் எழுதலாமா எனவும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.