முப்பதாயிரம் ரூபா மைக்கும் தகரக் கூரையும்

கிற்றார் வாசிக்கிற இரண்டு பேர் எங்கட கம்பஸ் கன்ரீனில் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் கதை மைக்கில் வந்து நிற்கும். "எந்த மைக் மச்சான் நல்லது?" "எவ்வளவுக்கு எடுத்தனீ?" "நல்ல மைக் ஒண்டு வாங்கினாப் பிறகுதான் அந்தப் பாட்டை ரெக்கோட் பண்ணப்போறன்." இந்தக் கடைசி வசனம்தான் இதை எழுத வைத்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, நல்லாகவும் பாடுகிற ஆக்கள் கனபேரை எனக்குத் தெரியும். அவர்களின் பாட்டுகள் வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜிலும் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் கிடக்கின்றன. மைக் வரும்வரை அவை அங்கேயே கிடக்கும். சில பேர் படிப்பு முடிந்து போயும் விட்டார்கள். பாட்டு வரவில்லை.

மைக் மலிவான சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. இரண்டு மாதத்தில் 360 அளவுக்குப் போனது. இப்போது கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஷுவர் எஸ்எம்57, ஓடியோ-டெக்னிக்கா ஏரி2020 மாதிரி, வெளிநாட்டு யூரியூப்காரர் "மலிவானது" என்று சொல்லுகிற மைக்குகள் அங்கே 100 டொலரை ஒட்டிய விலை. எங்களுக்கு அது முப்பதாயிரம் ரூபா. அதற்குமேல் இன்ரர்ஃபேஸ், கேபிள், ஸ்டாண்ட். மஹாபொல காசை எத்தனை மாதம் தொடாமல் வைத்திருக்க வேணும் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ.

ஆனால் அந்த முப்பதாயிரத்தையும் கொடுத்து வாங்கி, வீட்டு அறையில் வைத்துப் பாடினால் என்ன கேட்கும்? கிணத்துக்குள் இருந்து பாடுகிற மாதிரித்தான் கேட்கும். அறையின் நடுவில் நின்று ஒருக்காக் கைதட்டிப் பாருங்கோ. சீமெந்துத் தரை, பூசின சுவர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். "ட்ரிங்" என்று ஒரு வால் நீளும். மைக்குக்குப் போவது உங்கள் குரலும் அந்த வாலும் சேர்ந்துதான். குரலுக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் நேரே வருகிற குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால்தான் தள்ளி நின்று பாடினது தூரத்தில் கேட்கிறது. கூடின விலை மைக் இந்த எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. கட்டிலில் கிடக்கிற மெத்தையைத் தூக்கி, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கோ. தும்பு மெத்தை என்றாலும் பரவாயில்லை, தடிப்புத்தான் முக்கியம். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதன் பக்கம் பார்த்துப் பாடலாம். மெல்லிய பெட்சீற் தொங்கவிட்டால் கீச்சுச் சத்தங்கள் மட்டும்தான் கொஞ்சம் அடங்கும், அடித்தொண்டைச் சத்தம் அதை ஊடுருவிப் போய்த் திரும்பி வரும். முட்டை மட்டை ஒட்டுகிற ஆக்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து வேண்டாம். வெளிச் சத்தத்தை அது மறிக்காது, உள் எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது, கரப்பானுக்கு மட்டும் நல்ல வீடு.

கிற்றாருக்கு மைக் வைக்கிற இடம் இன்னொரு விசயம். அநேகம் பேர் நடுவில் இருக்கிற ஓட்டைக்கு நேரே கொண்டுபோய் வைப்பார்கள், சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது என்ற நினைப்பில். அந்த ஓட்டையால் வருவது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கிற காற்று 100 ஹேர்ட்ஸ் அளவில் அதிருகிற "பூம்" சத்தம். கிட்ட வைத்தால் பாட்டு முழுக்க அது இரையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே, ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கோ. பிறகு ஒரு காதுக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒருவரை வாசிக்கவிட்டு, மைக்கை விரலளவு விரலளவாக நகர்த்துங்கோ. இரண்டு விரல் நகர்வில் வருகிற மாற்றம் சில நேரம் இரண்டு மைக்குகளுக்கு இடையிலான வித்தியாசத்தை விடப் பெரிது. அதோடு கம்பியை மாற்றுங்கோ. கடற்கரை ஊர் உப்புக் காற்றில் கம்பி கெதியாகச் செத்துப்போகும். செத்த கம்பியை எந்த மைக்காலும் எழுப்ப ஏலாது.

பாட்டையும் கிற்றாரையும் தனித்தனியாக எடுக்க வேணும், மெட்ரோனோம் போட்டு எடுக்க வேணும் என்பது இப்போது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தானே வாசித்துத் தானே பாடுகிற ஒருவர் வரி முடிகிற இடத்தில் மூச்செடுக்கும்போது கையும் கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதம் பாட்டின் பாகம். தனித்தனியாக எடுத்தால் அது போய்விடும், பிறகு ஏன் உயிரில்லை என்று தேடுவோம். ஒரே மைக்கை நெஞ்சு உயரத்தில், இரண்டு சாண் தள்ளி வைத்துப் பாடிப் பாருங்கோ. குரல் குறைந்தால் மைக்கை மேலே உயர்த்துங்கோ, கிற்றார் குறைந்தால் இறக்குங்கோ. பிழை விட்டால் முழுப் பாட்டையும் திரும்பப் பாடவேண்டி வரும் என்பது உண்மைதான். பாடினால் என்ன?

சரி, வாங்கத்தான் போகிறேன் என்கிற ஆக்களுக்கு: சந்தடி உள்ள வீட்டில், சத்தமாகப் பாடுகிற குரலுக்கு டைனமிக் மைக் போதும். வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடலாம், அதன் முதுகுப் பக்கத்தை ஃபானுக்கோ றோட்டுக்கோ திருப்பிவிட்டால் அந்தப் பக்கச் சத்தம் நல்லாகக் குறையும். ஆனால் விரலால் மெதுவாக மீட்டுகிற கிற்றாருக்கு டைனமிக்கின் சத்தம் பத்தாது. மலிவு இன்ரர்ஃபேஸை முறுக்கிக் கூட்டும்போது "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் கூட வரும். அதற்குக் கொண்டென்சர்தான் சரி. அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேணும், இன்ரர்ஃபேஸில் அந்தப் பொத்தான் இருக்கா என்று பார்த்து வாங்குங்கோ. ஸ்டாண்ட், பஞ்சு, வட்ட வலை எல்லாம் சேர்த்துச் சில ஆயிரத்துக்கு விற்கிற கறுப்பும் பொன்னிறமுமான "செட்"டை நம்பவேண்டாம். அந்தக் காசுக்கு உங்கள் போனே நல்லது. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியை நிறுத்த விடுகிற ஒரு அப்பில், மெத்தைக்கு முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கோ. வெட்டி ஒட்ட ஓடாசிற்றி இலவசம்.

இனித்தான் நான் சொல்ல வந்த கதை. "வீட்டில் ரெக்கோட் பண்ணலாம்" என்று காட்ட எல்லாரும் எடுக்கிற உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீனின் நெப்ராஸ்கா, 1982இல் வந்தது. நியூ ஜேர்சியில் வாடகை வீடு ஒன்றின் படுக்கையறையில், கசெற்றில் நான்கு தடம் பதிகிற ரியாக் பெட்டி ஒன்றும் இரண்டு எஸ்எம்57 மைக்குகளும் வைத்துப் பாடினது. பிறகு தன்னுடைய இசைக்குழுவோடு ஸ்ரூடியோவில் அதே பாட்டுகளை முயன்றும் சரிவராமல், கசெற்றில் இருந்ததையே வெளியிட்டார்கள். அண்மைய உதாரணம் பில்லி ஐலிஷ்: 2020இல் கிராமி வாங்கின தொகுப்பு, அண்ணனின் படுக்கையறையில் எடுத்தது. இரண்டையும் "பாருங்கோ, ஸ்ரூடியோ தேவையில்லை" என்று காட்டுகிறார்கள். எனக்கு இரண்டிலும் தெரிவது வேறு. ஒருவருக்கு ஒரு முழு வீடு இருந்திருக்கிறது. மற்றவருக்கு, கதவைச் சாத்தினால் ஆரும் தட்டாத ஒரு அறை இருந்திருக்கிறது.

எங்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு மாரி காலத்தில் மூன்று மாதம் ரெக்கோடிங் இல்லை, அது எந்த மைக்காலும் தீராது. வெயில் காலத்தில் ஃபானை நிறுத்தினால் வேர்த்து ஊத்தும், நிறுத்தாவிட்டால் பாட்டு முழுக்க ஃபான். காலையில் சூன் பாண் ஓட்டோ பீத்தோவனைப் போட்டுக்கொண்டு வரும். திருவிழா என்றால் பத்து நாள் லவுட்ஸ்பீக்கர். பெண்கள் விடுதியில் ஒரு அறைக்கு நாலு கட்டில், நாலு பேருக்கும் வேறு வேறு நாளில் சோதனை. வீட்டுக்குப் போனால், இரவு பத்து மணிக்குப் பெட்டை ஒன்று கிற்றாரோடு கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் அடுத்த நாள் அம்மாவுக்கு எத்தனை பேர் புத்தி சொல்ல வருவார்கள்! பொடியனுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. எங்கட பக்கம் வெளிவருகிற பாட்டுகளில் பெண் குரல் ஏன் குறைவு என்று கேட்கிற அண்ணாமார், திறமையைப் பற்றிக் கதைக்க முதல் அறையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாம். காசு சேர்த்து மைக் வாங்கலாம். அமைதி வாங்க ஏலாது, அது வீடு வளவோடு வருகிற சொத்து.

ஆகவே என்னுடைய கேள்வி எங்கட கலைப்பீட மாணவர் ஒன்றியத்திடம். விழாக் காலத்தில் ஒரு இரவுக்குச் சவுண்ட்ஸ்காரருக்கு வாடகை கொடுக்கிறோம். அந்த மாதிரி ஒரு இரவின் செலவில் ஒரு இன்ரர்ஃபேஸ், ஒரு டைனமிக், ஒரு கொண்டென்சர், ஜன்னலுக்குத் தடித்த திரை எடுக்கலாம். விடுதியில் கழித்துப் போட்ட மெத்தைகள் ஸ்ரோரில் கிடக்கின்றன. வகுப்பறைகளில் ஒன்றாவது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பூட்டித்தான் இருக்கிறது. லெக்சருக்கே அறை பத்தாது என்று பதில் வரும் என்று தெரியும், அதனால்தான் ஐந்துக்குப் பிறகு என்கிறேன். சாமான் களவு போகும் என்பார்கள்; லைப்ரரியில் புத்தகம் எடுக்கிற மாதிரி மாணவர் அட்டையை வைத்துவிட்டுத் திறப்பை எடுக்கிற முறை ஒன்று போதும். ஒரு ஆளுக்கு ஒரு மணித்தியாலம், கொப்பியில் பெயர். பெண்கள் விடுதி கேற் பூட்ட முதல் வருகிற முதலாவது மணித்தியாலத்தை எங்களுக்கு ஒதுக்கிவிடுங்கோ, பிந்தின நேரத்தைப் பொடியள் எடுக்கட்டும்.