நீல லேயர் போட்டா ராத்திரி வந்துடுமா?

நம்ம காலேஜ் பசங்க பண்ற பிக்சல் கேம்ல ராத்திரி லெவல் எப்படித் தயாராகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். பகல் லெவலைக் காப்பி எடு, மேல ஒரு நீல லேயர் போடு, மோடை மல்டிப்ளைக்கு மாத்து, வானத்துல ஒரு வெள்ளை வட்டம். ரெண்டு நிமிஷ வேலை. டெட்லைன் நேரத்துல இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா போஸ்டர்ல 'ரியலிஸ்டிக் லைட்டிங்'னு போடறப்பதான் சண்டைக்கு வரத் தோணுது.

நிலவொளி நீலமே கிடையாது. சூரிய ஒளிதான் நிலாவோட தரையில பட்டுத் திரும்பி வருது. அந்தத் தரை கிட்டத்தட்ட நம்ம தார் ரோடு மாதிரி கருப்பு. விழுற வெளிச்சத்துல சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புது, அதுவும் லேசா சிவப்புப் பக்கம் சாய்ஞ்சு. பௌர்ணமி அன்னிக்கு கேமராவை டிரைபாட்ல வெச்சு 30 செகண்ட் ஷட்டரைத் திறந்து பாருங்க. பச்சை மரம், நீல வானம்னு பட்டப்பகல் மாதிரியே போட்டோ வரும். நட்சத்திரம் மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

அப்போ ராத்திரி எங்க இருக்கு? நம்ம கண்ணுக்குள்ள. பௌர்ணமி நிலா சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். அந்த வெளிச்சத்துல நிறம் பிரிக்கிற கூம்பு செல்கள் கையை விரிச்சுடும். குச்சி செல்கள்தான் வேலை பார்க்கும். அதுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, சிவப்பு ஒளி ஏறக்குறைய உறைக்கவே உறைக்காது. அதனாலதான் செம்பருத்திப் பூ கருப்பாயிடுது, பக்கத்து இலை அதைவிட வெளுப்பாத் தெரியுது. 19-ஆம் நூற்றாண்டுலயே செக் விஞ்ஞானி புர்கின்யே இதைக் கவனிச்சுச் சொல்லிட்டார். நுணுக்கமும் போயிடும். நிலா வெளிச்சத்துல பேப்பரோட பெரிய தலைப்பைப் படிக்கலாம், செய்தியைப் படிக்க முடியாது.

குறைஞ்ச நிறம், குறைஞ்ச நுணுக்கம். பிக்சல் ஆர்ட்டே அதுதானே! ஆனா மல்டிப்ளை லேயர் நுணுக்கத்தைத் தொடவே தொடாது. பகல்ல வரைஞ்ச ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு செங்கல்லும் நீலச் சாயத்துல முக்கி எடுத்த மாதிரி அப்படியே நிக்கும். என்னைக் கேட்டா, ராத்திரி வரையறது சேர்க்கிற வேலை இல்ல, அழிக்கிற வேலை.

32-க்கு 32 மரம் ஒண்ணை எடுத்துக்குங்க. பகலுக்கு 5 பச்சைன்னா ராத்திரிக்கு 3 நிறம் தாராளம். நிழல் பக்கத்து இலை எல்லாத்தையும் ஒரே இருட்டு நிறத்துல மூழ்கடிச்சுடுங்க. அடிமரம் தரையோட கலந்து போகட்டும். நிலா பக்கத்து விளிம்புல மட்டும் சாம்பல் கலந்த நீலப்பச்சை, விட்டு விட்டு ஏழெட்டு பிக்சல். தரையில விழுற நிழலோட ஓரத்துல டிதரிங் வேண்டாம். வானத்துல நிலாவும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை டிகிரி. அதனால நிழல் ஓரமும் ரெண்டுக்கும் ஒரே கூர்மைதான்.

எனக்கு இதைவிட எரிச்சல் திசை விஷயத்துல. வீட்டுக்குப் பின்னாடி வானத்துல நிலாவை வரைஞ்சுட்டு, வீட்டோட முன்சுவரைப் பளிச்சுனு காட்டறாங்க. நிலா பின்னாடி இருந்தா கூரை விளிம்புதான் மின்னணும், முன்சுவர் இருட்டா இருக்கணும். அப்புறம் அந்தப் பிறை! மூன்றாம் பிறை பொழுது சாய்ஞ்சு ரெண்டு மூணு மணி நேரத்துல மறைஞ்சுடும். நடுராத்திரி லெவல்ல அது உச்சி வானத்துல என்ன பண்ணுது? நம்ம ஊர்ல அது பெரும்பாலும் படகு மாதிரி சாய்ஞ்சுதான் தெரியும். டவுன்லோடு பண்ற அசெட்ல எல்லாம் நெட்டுக்குத்தா நிக்குது.

"கேம்ல எதிரி கண்ணுக்குத் தெரியணும்டா, ரியலிசம் பார்த்தா ஆட முடியுமா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பின்னணியில இருக்கறதை அழிச்சாத்தான் எதிரிக்கு இடம் கிடைக்கும். இருக்கறதுலயே வெளிச்சமான நிறத்தை ஹீரோவோட தோள்பட்டைக்கும் எதிரியோட விளிம்புக்கும்னு ஒதுக்கி வைங்க, மரத்துக்குக் கொடுத்துடாதீங்க. பேலட்ல ஒரு இடம் மிச்சமிருந்தா தெருவிளக்குக்கு ஒரு மஞ்சள். அது பக்கத்துல வெறும் சாம்பலை வெச்சாலே நீலமாத் தெரியும்.