நம்பர் 16, நம்பர் 18

போன வாரம் லன்ச் நேரம். எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் இளைஞர் ஒருத்தர் (பெயர் வேண்டாம், கல்யாணமாகி ஐந்து வருஷம்) டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை நீட்டினார்.

"ஸார், நீங்க சயன்ஸெல்லாம் படிப்பீங்களே... இதுக்கு என்ன அர்த்தம்?"

மனைவியின் லேப் ரிப்போர்ட். வயது 32. 'ஹெச்.பி.வி. 16 - பாஸிட்டிவ்' என்றிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பயப்படாதீங்க, இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்னாங்க. அது இல்ல ஸார்... இது 'அந்த மாதிரி' தொடர்புலதான் வருமாமே. நான் சுத்தம். அப்போ...?"

அந்த 'அப்போ'வில் ஒரு குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷர் பயந்தது வியாதிக்கு இல்லை. அதனால்தான் இந்த வாரம் இந்த சப்ஜெக்ட். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பி ஜோக் படித்துவிட்டு, மறக்காமல் திரும்பி வரவும்.

ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது தனி ஆசாமி இல்லை, பெரிய கூட்டுக் குடும்பம். 200-க்கும் மேல் ரகங்கள். ஜெயில் கைதிகள் மாதிரி பெயர் கிடையாது, நம்பர்தான். சின்ன வயசில் விரலில் மரு வந்து, பாட்டி பேச்சைக் கேட்டு குதிரை முடி கட்டிக்கொண்டோமே, அது 2-ம் நம்பர் போன்ற சில்லறைகளின் கைங்கரியம். 6, 11 இரண்டும் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும். சங்கடம் அதிகம், ஆபத்து குறைவு. நிஜ வில்லன்கள் 16, 18. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவிகிதம் இந்த இரண்டு பேர் வேலை. 31, 33, 45, 52, 58 எல்லாம் கூட்டாளிகள்.

இந்த ஜோடியைப் பிடித்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹௌஸன். 1970-களில் பலரும் ஹெர்ப்பிஸ் வைரஸ் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் 'இல்லை, மரு வைரஸ்' என்று பிடிவாதம் பிடித்தார். 1983-ல் 16 மாட்டியது, 1984-ல் 18. நோபல் பரிசு வந்து சேர்ந்தது 2008-ல்! அமெரிக்காவில் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண் 1951-ல் இதே புற்றுநோயில் 31 வயதில் இறந்துபோனார். அவரிடமிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகமெங்கும் லேப்களில் வளர்கின்றன. அவற்றுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது 18-ம் நம்பர்தான்.

எப்படி வேலை செய்கிறது? நம் செல்லுக்குள் இரண்டு வாட்ச்மேன்கள், இரண்டும் புரதங்கள். கண்டபடி பெருகாதே என்று செல்லை அதட்டி வைப்பது அவர்கள் டியூட்டி. 16-ம் 18-ம் தங்கள் கையாள்களான ஈ-6, ஈ-7 என்ற இரு புரதங்களை அனுப்பி, ஒரு வாட்ச்மேனைத் தீர்த்துக்கட்டி, இன்னொருவரைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. அப்புறம் செல் வைத்ததுதான் சட்டம்.

ஆனால் இது எல்லாருக்கும் நடப்பதில்லை. தாம்பத்யத்தில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு நம்பர் எப்போதாவது ஒட்டத்தான் செய்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு, ஓரிரு வருஷத்தில் உடம்பே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. போகமாட்டேன் என்று சட்டமாக உட்காரும் வைரஸ்தான் கர்ப்பப்பை வாயில் கோளாறான திட்டுக்களை உண்டாக்குகிறது. அதில் மூன்று கிரேடு. முதல் கிரேடு பெரும்பாலும் தானே மறையும். முற்றிப் புற்றுநோயாகப் பொதுவாக 15, 20 வருஷம். நம் ஊர் சிவில் கேஸ் வேகம். அதற்குள் பார்த்து, உறைய வைத்தோ சுரண்டியோ எடுத்துவிட்டால் கேஸ் குளோஸ். அப்படியிருந்தும் இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 80,000 பெண்கள் இறக்கிறார்கள் என்பது 2022-ம் வருஷக் கணக்கு. காரணம், யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பதற்குப் பெரிய மெஷின்கூட வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-ல் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமத்துப் பெண்களுக்கு கர்ப்பப்பை வாயில் நீர்த்த வினிகர் தடவி (கோபி மஞ்சூரியன் புகழ் அதே அமிலம்தான்) ஒரு நிமிஷம் பார்த்தார்கள். கோளாறான இடம் வெளுத்துக் காட்டிக் கொடுத்தது. 30-லிருந்து 59 வயது வரையான 31,000 சொச்சம் பெண்கள், ஆளுக்கு ஒரே ஒரு தடவை. 2007-ல் முடிவு வெளியானபோது, இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவிகிதம் குறைந்திருந்தது. 30 தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை உண்டு.

தடுப்பூசி 2006-லேயே வந்துவிட்டது. 2022-ல் இந்தியத் தயாரிப்புக்கும் அனுமதி கிடைத்தது. 9-லிருந்து 14 வயதுக்குள் போடுவது உத்தமம். ஏற்கெனவே குடியேறிய வைரஸை ஊசி விரட்டாது. ஆஸ்திரேலியாவில் 2013-லிருந்து பையன்களுக்கும் போடுகிறார்கள். ஏன் பையன்களுக்கு? அங்கேதான் வருகிறோம்.

"அந்த ரிப்போர்ட் வைரஸ் இருக்குன்னுதான் சொல்லும். எப்ப வந்தது, யார்கிட்டேயிருந்து வந்ததுன்னு தேதி, விலாசமெல்லாம் சொல்லாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம தூங்கும். ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. சுமந்துட்டுப் போய்க் கொடுக்கற போஸ்ட்மேன் நாமதான்யா. கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு..." என்று இழுத்தேன்.

இளைஞர் அவசரமாக டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் கடலையை எண்ண ஆரம்பித்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏழெட்டுக் கடலைக்குப் பிறகு, "அவகிட்ட ரெண்டு நாளா நான் பேசவே இல்ல ஸார்" என்றார்.

"அடுத்த டெஸ்ட் எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"கூட யார் போறாங்க?"

"அவங்க அம்மா."

நான் ஒன்றும் சொல்லாமல் மோர் சாதத்தைப் பிசைந்தேன்.

சாயங்காலம் மானேஜர் மேஜையில் ஒரு லீவ் லெட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு. காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.