அன்பு மட்டும் தகுதியாகுமா?

நெம்மேலியில் நண்பர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். விருந்துக்குப் பின் திண்ணையில் அமர்ந்தபோது பேச்சு பள்ளிக்கூடங்களைப் பற்றித் திரும்பிற்று. செவிப்புலன் குன்றிய பிள்ளைகள், பார்வையற்ற பிள்ளைகள், அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகள் ஆகியோருக்கென முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பேற்று இருத்தல் வேண்டும் என்று நாம் சொன்னோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். "இதற்கெல்லாம் தனிப் பட்டம் எதற்கு ஹஸ்ரத்? அன்பும் பொறுமையும் இருந்தால் போதாதா?" என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர்.

கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அப்பிள்ளைகளுக்கு இதைவிடத் தீங்கிழைத்த சொல் வேறொன்று இல்லை என்பது நம் துணிபு.

அதே ஊரின் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நிற்கின்றன. 2013இல் திறந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டரும் வடிக்க வல்லவை. சென்னை மக்களின் தாகம் தீரவேண்டுமென உளமார விரும்பும் நல்லவர் ஒருவரை, அந்த விருப்பத்தையே தகுதியாகக் கொண்டு, உப்பு நீக்கும் இயந்திரங்களின் பொறுப்பில் அமர்த்துவரோ? தண்ணீருக்குத் தேவைப்படும் தேர்ச்சி பிள்ளைக்குத் தேவையில்லையோ?

நாம் ஓதி வளர்ந்த மத்ரஸாவில் உஸ்தாதின் ஸனது பெறாமல் எவரும் கிதாபைத் திறந்து பாடம் நடத்த இயலாது. மார்க்கத்தின் மீது அவருக்குள்ள பற்றை எவரும் ஐயுறுவதில்லை. யாரிடம் ஓதினீர், எதை முடித்தீர் என்றுதான் கேட்பர். இது ஆணவமன்று, மாணவனுக்குச் செய்யும் காவல்.

எகிப்து நாட்டின் பேரறிஞர் தாஹா ஹுஸைன் தம் வாழ்க்கையைக் கூறும் 'அல் அய்யாம்' நூலை அரபு பயின்றோர் அறிவர். சிறு பிராயத்தில் அவருக்குக் கண்நோய் கண்டது. வீட்டார் அழைத்து வந்தது கிராமத்து நாவிதரை. அவர் செய்த வைத்தியத்தில் பார்வை போயிற்று. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவிருந்ததா? இல்லை; இல்லாதது பயிற்சிதான். அப்பிள்ளை பின்னாளில் 1950இல் தம் நாட்டின் கல்வி அமைச்சரானது இறைவன் அருள். எல்லாப் பிள்ளைக்கும் அது வாய்ப்பதில்லை.

எகிப்து வரை போவானேன்? நம் வகுப்பிலேயே ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான். ஓதச் சொன்னால் பக்கத்துப் பையனின் உதட்டையே பார்ப்பான். அடங்காப்பிள்ளை என்று எண்ணிப் பலமுறை பிரம்பெடுத்தோம். ஓராண்டு கழித்தே அவனுக்கு ஒரு காது அறவே கேளாது, மற்றது அரைகுறை என்று தெரிந்தது. முன்வரிசையில், கேட்கும் காது நம் பக்கம் இருக்குமாறு அமர்த்தினால் போதும் என்று பின்னர் ஒருவர் சொல்லக் கேட்டோம். அதை நமக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. அவன் மீது நமக்கு அன்பு இருந்தது. அந்த அன்பின் கையில்தான் பிரம்பும் இருந்தது.

சட்டம் இந்த உண்மையை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துப் பதிவேட்டில் இடம்பெறாதவர் சிறப்புக் கல்வித் தொழில் செய்தல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சைகை மொழியும் பிரெய்லும் கற்ற ஆசிரியரை அமர்த்துமாறு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணிக்கிறது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் பதின்மருக்கு ஓர் ஆசிரியர், மேல்வகுப்புகளில் பதினைவருக்கு ஒருவர் என 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. அதன்பின்னும் 2025 மார்ச்சில், பணியிடங்கள் எத்தனை என்பதை மூன்று வாரங்களுக்குள் அறிவியுங்கள் என்று அதே மன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது. எண்ணிக்கை சொல்வதற்கே நீதிமன்றம் வேண்டியிருக்கிறது!

பயின்றவர் கிடைப்பதில்லை என்பார் உளர். நெம்மேலிக்கு வடக்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005இல் எழுந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியரைப் பயிற்றுவிப்பதும் அதன் பணி. கல்வி கற்பிக்கும் இடம் அண்டையிலேயே இருக்கிறது. கற்றவரை நிறுத்திவைக்கும் பணியிடம்தான் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்தோடு பிணைக்கப்பட்டு, தொகுப்பூதியத்தில், பள்ளிவிட்டுப் பள்ளி பயணம் செய்து வருகின்றனர். அவர்கள் மீது நமக்குக் குறையில்லை. ஸனது பெற்றவரை வழிப்போக்கராக்கிவிட்டு, அவர் வராத நாள்களில் பிள்ளையை யாருடைய பொறுப்பில் விடுகிறோம்? பி.எட். படிப்பில் இதுபற்றி ஒரே ஒரு பாடம் படித்த வகுப்பாசிரியரின் பொறுப்பில்! அவரோ நாற்பது பிள்ளைகளோடு திணறுகிறார்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பொதுப்பள்ளியிலும் இப்பிள்ளைகளின் கல்வியை ஒருங்கிணைக்கும் ஆசிரியர் ஒருவர் கட்டாயம். அவர் முதலில் தகுதிபெற்ற ஆசிரியராயிருத்தல் வேண்டும். 2009 முதல் புதிதாகப் பொறுப்பேற்போர் மூன்றாண்டுகளுக்குள் அதற்கெனத் தனிப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். 2024 செப்டம்பரில் அப்பயிற்சியையும் மாற்றியமைத்தனர். அங்கும் குறைகள் மலிந்திருக்கலாம். ஆனால் 'இப்பிள்ளைக்கு இப்பள்ளியில் யார் பொறுப்பு?' என்று தாய் கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். நாம் வேண்டுவதும் அந்த ஒரு பெயரைத்தான்: பதிவேட்டில் உள்ள, நாள்தோறும் பள்ளிக்கு வருகிற, நிலையான ஊதியம் பெறுகிற ஒருவரின் பெயர். படிப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தொகுப்பூதியத்தை நீட்டுவது தகுதிக்குச் செய்யும் மரியாதையன்று.

தலைமையாசிரியரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், தம் பணிக்காலத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கரும்பலகைக்கு மிக அருகே போய் நின்று எழுத்தைப் பார்ப்பாளாம். "மறைக்காதே, தள்ளி நில் என்று ஒவ்வொரு நாளும் நானே விரட்டியிருக்கிறேன், ஹஸ்ரத்" என்றார்.