கொட்டகையில் ஒரு ஹெரால்டு

எங்கள் மல்லாங்கிணற்று வீட்டு மாட்டுக்கொட்டகையில் இப்போது மாடு இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது! 1961-ல் நம்ம சென்னையில் தயாரிக்க ஆரம்பித்த கார். அந்தக் கம்பெனி மூடியே முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

ஞாயிற்றுக்கிழமையானால் எங்க வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதோடுதான். பானெட்டை முன்பக்கம் சாய்த்தால் எஞ்சின், முன்சக்கரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் மாதிரி! அரை இஞ்சு ஸ்பானரைக் கேட்டால் கடைக்குட்டி தேடி நீட்டுகிறாள்.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் சகோதரிகளே, வீட்டில் இப்படி வேலை நடந்தால் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்தபடி உப்புத்தாள் போடாமல், தண்ணீர் விட்டே தேய்க்கணும். அந்நேரம் குழந்தைகள் கிட்டே வரவே கூடாது.

பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நுரையீரலுக்கு ஆகாது.

டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் வேண்டாம். சிறு பொறி என்ன செய்யும் என்று சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கா சொல்லித் தரணும்?

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே சாப்பாடு. அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைத் துணியோடு சேர்க்காதீர்கள்.